நான் மொழிபெயர்க்காத சொல்

போன ஆடியில் நான் ஒரு தாலிக்கயிற்றைத் திருடினேன்.

தங்கம் எதுவும் அதில் இல்லை. பழைய மஞ்சள் கயிறு, அவ்வளவுதான். ஆனால் அதைக் கட்டியிருந்தவர் உயிரோடு இருக்கிறார். அவருடைய கணவரும் உயிரோடு இருக்கிறார். இருவரும் எனக்குச் சம்பந்திகள். திருடிய எனக்கோ எழுபது வயது தாண்டிவிட்டது.

இத்தனை வருடமாக இந்தப் பத்தியில் அடுத்தவர் குறைகளை எழுதியே பழகிவிட்டேன். கோயில் வாசலில் காரைக் குறுக்கே நிறுத்துகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்து மேடைப் பக்கமே போகாமல் நேராகப் பந்திக்குப் போகிறவர்கள்... நிறைய பேரைக் கிண்டல் செய்தாயிற்று. இந்த வாரம் என் முறை. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். கதை நடப்பது ஒரு கழிப்பறையில்தான். பெயர்களை மாற்றியிருக்கிறேன் — என்னுடையதைத் தவிர.

மலேசியாவில், ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் என் மகன் பிரபுவின் வீட்டில் இருக்கிறேன். பிரபுவுக்குச் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவான். வீட்டில் நானும் மருமகள் கலாவும். கலாவின் பெற்றோர் தொலைவில், தோட்டப் பக்கம், ரெங்கத்தில் இருக்கிறார்கள். அவளுடைய அம்மா பொன்னம்மா, முதலில் ரப்பர், பிறகு செம்பனை என்று தோட்டத்திலேயே நடந்து தேய்ந்தவர். வலது முட்டி முழுசாகப் போய்விட்டது. ஜொகூர் பாருவில் ஆபரேஷன் செய்தார்கள். அதன் பிறகு வாராவாரம் பிசியோதெரபிக்குப் போக வேண்டும். ரெங்கத்திலிருந்து அந்தக் காலோடு வந்து போக முடியுமா? எங்கள் வீட்டிலேயே தங்கட்டும் என்று முடிவானது.

பெண் கொடுத்த வீட்டில் வந்து தங்க அவருக்குச் சம்மதமே இல்லை. "அங்க கை நனைக்கறதே அதிகம். இதுல மாசக்கணக்கா வேறயா?" என்று அவர் ஃபோனில் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. கலாவின் கையிலிருந்து ஃபோனை வாங்கினேன். "சம்பந்தியம்மா, இது உங்க வீடு. தலை நிமிர்ந்து வாங்க" என்றேன்.

நன்றாகத்தான் பேசினேன். பேச்சு என் தொழில். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும், வக்கீல் மலாயில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டக் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக் கூடாது. அப்படிச் சத்தியம் செய்து கொடுத்துச் சம்பளம் வாங்கியவன்.

சரி, கழிப்பறைக்கு வருவோம்.

கீழே இருந்த குந்தும் கழிப்பறையைச் சமையலறையைப் பெரிதாக்கியபோது இடித்துவிட்டோம். மிச்சம் இருந்தது மாடியில் ஒன்றுதான். முட்டி ஆபரேஷன் செய்தவர் மாடி ஏறுவாரா? படிக்கட்டுக்கு அடியில் பழைய சாமான் அடைத்து வைத்திருந்த இடத்தைக் காலி செய்து, அங்கே உட்காரும் டாய்லெட் ஒன்றை வைத்தான் பிரபு. ஆனால் கழிவுக் குழாய் இருப்பதோ வீட்டின் பின்கோடியில். தரையை உடைக்காமல் அங்கே கொண்டுபோவது எப்படி? அதற்குத்தான் பம்ப்.

பீங்கானுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி. ஃப்ளஷ் செய்தால் எல்லாம் அதற்குள் போகும். உள்ளே சுழலும் பிளேடு அதைக் கூழாக்கும். மோட்டார் அந்தக் கூழை ஒல்லிக் குழாய் வழியாகப் பின்பக்கம் தள்ளிவிடும். பெட்டியின் மேல் 'மெசரேட்டர்' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே நாளில் 'மிக்ஸி' என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைத்தவர் சம்பந்தியம்மாதான். முதல் தடவை போய்விட்டு வந்தவர், "ஏன் கலா, இந்நேரத்துல யாரு சட்னி அரைக்கிறது?" என்றார்.

அவருடைய முட்டி நல்லபடி ஆக வேண்டும் என்று நான் அம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே நேர்ந்துகொண்டு நானாகவே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆடித் திருவிழாவுக்குக் கோயிலில் காப்புக் கட்டினார்கள். மணிக்கட்டில் மஞ்சள் நூல் பல சுற்று, நடுவில் ஒரு மஞ்சள் துண்டு. காப்பு இறங்கும் வரை கவிச்சி கிடையாது.

அதற்குள் பழைய நண்பர் ஒருவர் வீட்டில் மதிய விருந்து வந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல். முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன், காப்பு உள்ளே மறைந்திருந்தது. ஒரு துண்டு என்றுதான் ஆரம்பித்தேன்... இரண்டாம் தடவை கரண்டி வந்தபோது வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மணிக்கட்டைப் பார்க்க முடியவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக் காப்பை வெட்டினேன். வெட்டியாயிற்று — எங்கே போடுவது? குப்பையில் போட்டால் கலா கண்ணில் படும். காப்பை ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்பது முறை. ஆற்றுக்கோ கடலுக்கோ பிரபுதான் காரில் கூட்டிப் போக வேண்டும். அவன் ஏன் என்று கேட்பான்.

படிக்கட்டுக்கு அடியிலும் தண்ணீர் ஓடத்தானே செய்கிறது?

ஆமாம். அதில்தான் போட்டேன். அம்மன் பெயரால் கட்டிய நூலை எதோடு எதைச் சேர்த்து அனுப்பினேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது. மிக்ஸி உறுமி நின்றது. மறுநாள் பூஜைச் சாமான் கடையில் மஞ்சள் நூல் வாங்கி, பல்லால் கடித்து இழுத்து, நானே எனக்கு ஒரு காப்புக் கட்டிக்கொண்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் தெரிந்தது கழிப்பறைக்குத்தான்.

ஃப்ளஷ்ஷை அழுத்தினால் தண்ணீர் கீழே போகாமல் மேலே ஏறியது. விளிம்பு வரை வந்து நின்று, யோசித்து, மெல்ல இறங்கியது. முன்பெல்லாம் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு ஓயும் மோட்டார், இப்போது வயிற்றுவலிக்காரனைப் போல நீளமாக முனகியது. யாரும் உள்ளே போகாதபோதும் தானாக ஓடியது.

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் துப்புத் துலக்கினேன்! தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து மிதவையை உயர்த்திப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி மாட்டினேன். இரவெல்லாம் ஊறட்டும் என்று வினிகர் ஊற்றினேன். ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினேன் — அது என் காலுக்கே திரும்பி வந்தது. யூடியூபில் ஒருவர் எடுத்த எடுப்பில், "பெட்டியைத் திறந்து, பிளேடில் நூலோ முடியோ சுற்றியிருக்கிறதா பாருங்கள்" என்றார். மற்ற வீடியோக்களை எல்லாம் பிரபுவுக்கு அனுப்பினேன். அதை மட்டும் அனுப்பவில்லை.

"என்னப்பா பிரச்சனை?" என்று அன்று சாப்பிடும்போது கேட்டான் பிரபு.

"பழக்கம் இல்லாதவங்க யூஸ் பண்ணா அப்படித்தான்பா. என்னென்ன போடறாங்களோ..."

யாரையும் பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் கை காட்டுவது எப்படி என்று நீதிமன்றத்தில் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, டிவி சத்தத்தைக் குறைத்தார்.

அந்த வாரம் ஆடி வெள்ளி. சம்பந்தியம்மா காலையில் குளித்து, கலாவின் உதவியோடு தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். மறுநாள் பிளம்பர் வந்தார். மலாய்க்காரர், கலகலப்பான ஆள். வாய் ஓயாமல் பாட்டு. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் புகுந்து பெட்டியைக் கழற்றினார். சம்பந்தியம்மா ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் பேப்பர் படிப்பவன் மாதிரி இருந்தேன். பாட்டு நின்றது.

"அலமாக்! அங்கிள்! தாலி! சினி அடா தாலி!"

கலா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். சம்பந்தியம்மாவின் கை தன்னால் கழுத்துக்குப் போனது.

மலாயில் தாலி என்றால் கயிறு. வெறும் கயிறு. துணி காயப்போடுவது, ஆடு கட்டுவது, பெட்டி கட்டுவது — எல்லாம் தாலிதான். 'இங்கே கயிறு இருக்கிறது' என்றுதான் அந்த மனிதர் சொன்னார். கலாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் அது தெரியாதா? மலாய் பேசாமல் இந்த ஊரில் ஒரு நாள் ஓட்ட முடியுமா? ஆனால் அவர் இடுக்கியில் பிடித்து வெளியே நீட்டியது, யார் யாருடைய முடியோ சேர்ந்து முறுக்கேறித் தடித்துப்போன ஒரு மஞ்சள் கயிறு. கண்ணில் மஞ்சள் பட்ட பிறகு காது எந்த மொழியில் கேட்கும்?

அங்கே ஒரு மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டான். 'கயிறுன்னுதான்மா சொல்றாரு. இது என்னோட காப்பு.' இவ்வளவு சொன்னால் போதும். அந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சும்மா இருந்தான்.

"அம்மா... நேத்து மாத்தினோமே, பழைய கயிற எங்க போட்ட?" — கலா.

"என்னாடி கேக்குற? பின்னால செம்பருத்தியில கட்டி வெச்சேன். போய்ப் பாரு."

"நெசமாவா?"

"ஏய்! தாலிக்கயித்தப் போயி எவளாச்சும் கக்கூஸ்ல போடுவாளா? என் புருசன் குத்துக்கல்லு மாதிரி இருக்காருடி!"

கலா பின்பக்கம் திரும்பினாள். அதற்குள் பிளம்பர், மெயின் பைப்பை மூடச் சொன்னார். அது வாசல் பக்கம். கலா அங்கே ஓடினாள்.

நான் எழுந்து பின்வாசலுக்குப் போனேன்.

துணி காயும் கம்பிக்குக் கீழே செம்பருத்தி. கீழ்க்கிளையில் கட்டியிருந்தது — நேர்த்தியாக, முடிச்சுப் போட்டு. அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு விட்டுக்கொடுக்கவில்லை. இலையெல்லாம் உதிர, கிளையின் நுனி வழியாக அப்படியே உருவிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். சாட்சியத்தை அழித்தல் என்று சட்டத்தில் ஒரு குற்றம் உண்டு. கூண்டில் நின்ற எத்தனையோ பேருக்கு அந்தக் குற்றச்சாட்டைத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறேன்.

கலா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இல்லையேம்மா."

"கீழ்க்கிளையில பாத்தியா?"

"எல்லாக் கிளையிலயும் பாத்தேன். தெரியாம போட்டுட்டா போட்டுட்டேன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்குப் பொய் சொல்ற? மாமா முன்னால எனக்கு மானமே போவுது!"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, நீங்க சொல்லுங்க. நான் அப்படிச் செய்வேனா?"

"போகட்டும் விடுங்க சம்பந்தியம்மா" என்றேன். "வயசானா மறதி வர்றது சகஜம்தானே."

பெருந்தன்மையாகச் சொன்னேன்! திருட்டைக்கூட ஏதாவது பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த வாக்கியத்துக்கு என்ன சாக்குச் சொல்வேன்?

பிளம்பர் பெட்டியை மூடினார். ஒரே அழுத்தில் தண்ணீர் சுழன்று இறங்கியது. மோட்டார் சுருக்கமாக உறுமி ஓய்ந்தது. புதிது மாதிரி வேலை செய்தது.

மறுநாள் காலை என் அறையிலிருந்து வந்தபோது, சம்பந்தியம்மா படிக்கட்டில் இருந்தார். படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாகத் தன்னை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். ஆபரேஷன் கால் முன்னால் கட்டை மாதிரி நீண்டிருந்தது. அவருக்கு நேர் கீழே, அவருக்காகவே கட்டிய கழிப்பறை காலியாக இருந்தது.

"சம்பந்தியம்மா, என்ன இது... கீழயே போலாமே?"

"வேணாங்க. மறதிக்காரி. அப்புறம் எதையாச்சும் போட்டுத் தொலைப்பேன்."

அன்று மதியமே அவருடைய கணவர் வீரையா யாருடைய வேனையோ கேட்டு எடுத்து வந்து அழைத்துப் போய்விட்டார். பிசியோதெரபி பாதியில் நின்றது. "அம்மா கோவத்துல கெளம்பிட்டாங்க. மன்னிச்சிக்குங்க மாமா, தப்பு அவங்க மேலதான்" என்றாள் கலா. மன்னிப்பு... என்னிடம்!

பால்குடம் எடுத்தேன். போலிக் காப்போடுதான். பால் திரியவில்லை, கால் இடறவில்லை. ஏதாவது நடந்திருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. "யாருக்குங்க வேண்டுதல்?" என்று வரிசையில் ஒருவர் கேட்டார். சம்பந்தியம்மா முட்டிக்கு என்றேன். "பெரிய மனசு சார் உங்களுக்கு!" என்றார் அவர். தலையில் குடத்தை வைத்துக்கொண்டு குனியவும் முடியவில்லை.

அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. பிரபுவிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி, மாறி, ரெங்கம் போனேன். வழியில் ஃபோன் செய்திருந்ததால் வீரையா பஸ் நிற்கும் இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்.

"என்னா சம்பந்தி, தனியா? முன்னமே சொல்லியிருந்தா கோழி அடிச்சிருப்பேன்ல. சாப்பிடலாம்தானே, வெரதம் முடிஞ்சிடுச்சே! ஏறுங்க. கெட்டியா புடிச்சிக்குங்க."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். என் சட்டைப் பையில் அவர் மனைவியின் கயிறு.

சம்பந்தியம்மா நாற்காலியில் இருந்தார். வாங்க என்றார். நான் உட்காரவில்லை. ஆட்டிறைச்சியில் ஆரம்பித்துச் செம்பருத்தி வரை நின்றபடியே சொன்னேன். கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

வீரையாதான் முதலில் பேசினார். "அப்படின்னா சம்பந்தி... நான் உசுரோட இருக்கறப்பவே என் பொண்டாட்டி கயித்த உருவிட்டீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் செருப்படி தேவலை என்றிருந்தது.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. "ஆட்டுக்கறி எப்படி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"...நல்லாத்தான் இருந்துச்சி."

"அதுலயாச்சும் பொய் சொல்லல." மேசையிலிருந்த கயிற்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீங்க? நான் போடலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதது என் மவளுக்கு. பெத்தவளப் பொய்க்காரின்னு சொன்னாளே, அவகிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே மேசையில் சோறு போடுகிற அவளிடம் சொல்வதைவிட, பஸ் மாறி ரெங்கம் வருவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"ஃபோனப் போடுங்க. இங்கயே, இப்பவே. எனக்கும் கேக்கட்டும்."

போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"அவங்ககிட்ட குடுங்க."

மாமா என்று சொல்லவில்லை. ஃபோனைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே சம்பந்தியம்மாவின் குரல் மட்டும் கேட்டது — "அழுவாதடி... அழுவாத... நீ என்னா பண்ணுவ..."

பிசியோதெரபிக்கு மறுபடியும் வரச் சொல்லிப் பல தடவை ஃபோன் செய்தேன். கடைசியில் வீரையா பேசிச் சம்மதிக்க வைத்தார். இப்போது அவர் வருகிற நாட்களில் நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முட்டி முழுசாக மடங்கவில்லை. நடுவில் விட்டுவிட்டதால் இறுகிவிட்டதாம், இனி இவ்வளவுதானாம். இதற்கு நான் என்ன பரிகாரம் செய்ய முடியும்?

கலா எனக்குச் சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்து வைக்கிறாள். எதிலும் குறை இல்லை. "சாப்பாடு மேசையில இருக்கு" என்கிறாள் — சுவரைப் பார்த்து. யாருக்குச் சொல்கிறாள் என்பதை நான்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

தீபாவளிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். வீடு நிறைய ஆட்கள், முறுக்குத் தட்டு, பிள்ளைகள் சத்தம். சம்பந்தியம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போனார். மோட்டார் உறுமி ஓய்ந்தது. கதவைத் திறந்துகொண்டு அங்கே நின்றபடியே ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சம்பந்தி! நான் ஒண்ணும் போடலங்க! வேணும்னா வந்து செக் பண்ணிக்குங்க!"

வீரையா முறுக்குப் புரையேறச் சிரித்தார். பிரபு சிரித்தான். ஒன்றும் தெரியாத விருந்தாளிகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இனி அவர் வரும்போதெல்லாம் இதைக் கேட்பேன். கேட்கத்தான் வேண்டும்.

கலா எழுந்து போய் அம்மாவின் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்து வந்தாள். அவள் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

தப்பு செய்தவன் நான். இன்னும் தலை குனிந்திருப்பது அவள்.